டொக்டரின் மருந்துத் துண்டில் ஏன் அந்தப் பெயர்?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர், தன் அம்மாவைப் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் நாரஹேன்பிட்டிப் பக்கம் தனியாரில் ஒரு டொக்டரிடம் சனல் பண்ணிக் காட்டியிருக்கிறார். இவர்களுடைய இலக்கம் 14. இலக்கம் 9 வெளியே வந்ததும், கறுப்புப் பையோடு சுவரோரம் நின்ற இரண்டு ரெப்மார், அதாவது மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், உள்ளே போய்வந்தார்கள். பிறகு டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசை பாமசியில் நல்ல விலை. அதே மருந்து அரசாங்கப் பாமசியான ஒசுசலவில் வேறு பெயரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. "டொக்டருக்குக் கொமிஷனா? மலிவானதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா? அந்த ரெப்மார் எங்களுக்கு முதல் உள்ளே போனது சரியா?" என்று கேட்கிறார்.

நான் கொழும்பில் பதினொரு வருடம் ரெப்பாக ஓடியவன். அதற்குப் பிறகு நாலு வருடம் கம்பனியின் தலைமை அலுவலகத்தில் இருந்து ரெப்மார் எதைச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. டொக்டர் அல்ல, பாமசிஸ்ட் அல்ல. அதனால் மருந்தைப் பற்றிச் சொல்வதை அளவாகவும், விற்கும் விதத்தைப் பற்றிச் சொல்வதைத் தாராளமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொமிஷன். உறையில் காசு போட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் இல்லவே இல்லை என்று சொன்னால் என்னை நானே ஏமாற்றுகிறேன். ஆனால் எல்லாரும் அதையே தேடுவதால்தான் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது. என் பதினொரு வருடத்தில் விற்பனையின் பெரும்பகுதி எந்த உறையும் இல்லாமலே நடந்தது. டொக்டரின் மேசையில் ஒரு பேனை, சுவரில் ஒரு கலண்டர், மாதம் இரண்டு தரம் ஒரே முகம், ஒரே பெயர். அவ்வளவுதான். இரவு எட்டரை மணிக்கு முப்பத்தைந்தாவது நோயாளிக்குத் துண்டு எழுதும்போது கைக்கு எந்தப் பெயர் முதலில் வருகிறதோ, அதற்குத்தான் கம்பனி எனக்குச் சம்பளம் தந்தது.

துண்டில்லாமல் வாங்க முடியாத மருந்தை இலங்கையில் தொலைக்காட்சியிலோ பத்திரிகையிலோ பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. உலகத்தில் அமெரிக்காவும் நியூஸிலாந்தும்தான் அதைத் தாராளமாக விட்டிருக்கின்றன. ஆகவே இங்கே விளம்பரப் பலகை ஒரு மனிதன். கழுத்துப் பட்டி கட்டி, சப்பாத்தைத் துடைத்து, ஐந்தரைக்கே வந்து சனலிங் அறை வாசலில் நிற்கிறான். அவனுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். சில நாள் நாற்பது செக்கன்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது? எங்களிடம் ஒரு வழுவழுப்பான மடிப்புப் புத்தகம் இருக்கும். ஐந்தாறு பக்கம். முதல் பக்கத்தில் வயதான தம்பதி கடற்கரையில் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். எந்த வருத்தத்துக்கான மருந்தாக இருந்தாலும் அதே தம்பதிதான். இரண்டாம் பக்கம் ஒரு வரைபடம். கம்பனியின் நிறத்தில் ஒரு உயரமான தூண், சாம்பல் நிறத்தில் குட்டையான தூண். நிலைக்குத்துக் கோடு பூச்சியத்தில் தொடங்காது, 60 இல் தொடங்கும். 70 க்கும் 75 க்கும் உள்ள வித்தியாசம் அப்போது மலையும் மடுவும் போலத் தெரியும். பக்கத்தில் பெரிய எழுத்தில் "ஆபத்து 50% குறைகிறது" என்று இருக்கும். பொய் அல்ல. 100 பேரில் 2 பேருக்கு வரவேண்டிய ஒன்று 1 ஆளுக்கு வந்தால் அது 50% தானே. "நூறு பேர் வருடக்கணக்காகக் குடித்தால் ஒருவர் தப்புகிறார்" என்று அதே உண்மையை எழுதியிருந்தால் யார் வாங்குவார்கள்? அந்தப் பக்கத்தைப் பிறகு நானே வடிவமைத்தேன் என்பதால் சொல்கிறேன்: எதைச் சிறிய எழுத்தில் போடுவது என்பதற்குத்தான் கூட்டங்களில் அதிக நேரம் போனது.

உள்ளே இருந்து வெளியே வந்தால் வேலை முடிந்துவிடாது. அடுத்த நாள் காலை அந்தச் சனலிங் நிலையத்துக்குப் பக்கத்துப் பாமசிக்குப் போவேன். கவுண்டரில் நிற்கும் பையனோடு ஒரு பிளேன்டீ. "ஐயா இந்தக் கிழமை எங்கட சாமானை எழுதுகிறாரா?" என்று கேட்பேன். அவன் விரல் விட்டு எண்ணிச் சொல்லுவான். தான் மாதத்துக்கு எத்தனை துண்டு என்ன பெயரில் எழுதுகிறார் என்று அந்த டொக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இது ஒன்றைத்தான் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பாமசியின் கணக்கு தனி. பத்துப் பெட்டி எடுத்தால் இரண்டு பெட்டி இலவசம் என்று போனஸ் கொடுப்பது இங்கே சாதாரணம். டொக்டர் எழுதிய பெயர் கடையில் இல்லை, "இதுவும் அதேதான்" என்று வேறொன்றைத் தருகிறார்கள் என்றால், அது உண்மையாகவே அதேதானாக இருக்கலாம். ஆனால் எந்த "அதே" உங்கள் கைக்கு வருகிறது என்பதில் அந்த இரண்டு இலவசப் பெட்டிக்கும் பங்கு உண்டு. டொக்டரை மட்டும் சந்தேகப்படுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

"ஒரு பேனைக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் நான் விலைபோவேனா?" என்று என்னிடம் முகத்துக்கு நேரே கேட்ட டொக்டர்மார் உண்டு. நேர்மையாகத்தான் கேட்டார்கள். ஆனால் 2016 இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. கம்பனி செலவில் 20 டொலருக்கும் குறைந்த ஒரே ஒரு சாப்பாடு சாப்பிட்ட டொக்டர்மார்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்தக் கம்பனியின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக்காக எழுதினார்களா, ஏற்கெனவே எழுதுபவர்களைத்தான் சாப்பிடக் கூப்பிட்டார்களா என்று அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான் என்பது என் அனுபவம். அங்கே அப்படி ஓர் ஆய்வைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்தக் கம்பனி எந்த டொக்டருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பகிரங்கமாகப் போட வேண்டும் என்று 2010 இல் கொண்டுவந்த சட்டம். யாரும் இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பக்கத்து இந்தியாவில் வேறு வழி: டொக்டர்மாருக்குக் கொடுக்கும் இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. கொழும்பில், ஐந்து நட்சத்திர ஹோட்டல் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டோடு நடக்கும் கருத்தரங்குக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று அறிய, வாசலில் நிற்கும் பதாகையைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறை, பெரிய கெடுதி என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தால், அமெரிக்காவில் ஒக்ஸிகொன்டின் என்ற வலிமருந்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1996 இல் சந்தைக்கு வந்தது. மற்ற வலிமருந்துகளைவிட இதற்கு அடிமையாவது குறைவு என்று ரெப்மார் வாசல் வாசலாகச் சொன்னார்கள். 2007 இல் கம்பனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டொலருக்கு மேல் கட்டியது. அதற்குள் 11 வருடம் ஓடிவிட்டது. அங்கேயும் கையில் இருந்தது ஒரு மடிப்புப் புத்தகமும் ஒரு வரைபடமும்தான்.

சரி, ஒசுசலவுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் நடு இதுதான், பலருக்கும் இதன் கதை தெரியாது.

பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் படிப்பித்தவர். டொக்டரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1971 இல், ஒசுசலக் கடைகளை நடத்தும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவர்தான். ஒரே மருந்து ஏகப்பட்ட பெயர்களில் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் பட்டியலைச் சுருக்கி, கம்பனி வைத்த வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரான பொதுப்பெயரில், உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்கினார். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என்னை வியக்க வைப்பது வேறொன்று: ரெப்மார் சொல்வதற்குப் பதில் சொல்ல, மருந்துகளைப் பற்றிய பக்கச்சார்பில்லாத தகவல் ஏடு ஒன்றைக் கூட்டுத்தாபனத்தார் டொக்டர்மாருக்கு இலவசமாக அனுப்பினார்கள். மலிவாக வாங்கினால் மட்டும் போதாது, டொக்டரின் காதுக்கு யார் போகிறார்கள் என்பதுதான் விஷயம் என்று அந்த மனிதருக்கு ஐம்பது வருடத்துக்கு முன்னரே தெரிந்திருக்கிறது. 1977 இல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்குக் கதவு திரும்பத் திறந்தது. அதே வருடம் செப்டம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். ஒசுசல தங்கிவிட்டது.

2015 இல் வந்த 5 ஆம் இலக்கச் சட்டத்தையும், அதில் பிறந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையையும் பிபிலேயின் கொள்கை என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். துண்டில் பொதுப்பெயர் இருக்க வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் ஒரு பகுதி. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை போட்டார்கள். அந்தக் கிழமை எங்கள் அலுவலகம் செத்த வீடு மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் தலைமையகம் சுதாரித்துக்கொண்டது: பட்டியலில் இருக்கும் மருந்தை ரெப் பேச வேண்டாம், பட்டியலில் இல்லாத "அடுத்த தலைமுறை" மருந்தைப் பேசு. பை அதே பை. உள்ளே பக்கங்கள் மட்டும் மாறின.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: மலிவானது வேலை செய்யுமா? ஒரு பொதுப்பெயர் மருந்து அசல் மருந்தின் அளவுக்கு இரத்தத்தில் சேர்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதில் 80 இலிருந்து 125 சதவீதம் என்றொரு எல்லை வரும். "பார்த்தீர்களா டொக்டர், 20 வீதம் குறைந்தாலும் விடுகிறார்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அது திரிப்பு. அந்த எல்லைக்குள் விழ வேண்டியது சராசரி மட்டுமல்ல, கணக்கின் நிச்சயமின்மை முழுவதும். உண்மையில் 20 வீதம் குறைந்த குளிசை அந்தச் சோதனையில் தேறாது. ஆகவே ஒழுங்காகச் சோதித்துப் பதிந்த, பிரஷருக்கான லொசார்டனோ சீனி வருத்தத்துக்கான மெட்போர்மினோ என்ன நிறப் பெட்டியில் வந்தாலும் அம்மாவுக்குப் பயன் ஒன்றுதான். சில மருந்துகளில் மட்டும் அடிக்கடி பெட்டி மாற்றாதீர்கள்: இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கும் வோர்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடொயின், தைரொயிட்டுக்குக் கொடுக்கும் தைரொக்ஸின் போன்றவை. அவற்றில் சின்ன ஏற்ற இறக்கமும் உடம்பில் தெரியும். எதில் தொடங்கினாரோ அதிலேயே இருக்கட்டும்; மாற்ற வேண்டி வந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

"ஒழுங்காகச் சோதித்துப் பதிந்த" என்று எழுதினேன் அல்லவா, சிக்கல் அங்கேதான். உங்கள் டொக்டர் விலை கூடிய பெயரை எழுதியதற்குக் கொமிஷனைவிட நம்பத்தகுந்த ஒரு காரணம் உண்டு: பயம். 2022 இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது மருந்தும் இல்லாமல் போனது. அவசரம் அவசரமாக வாங்கினார்கள். அடுத்த வருடம் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் என்ற ஊசிமருந்தின் விவகாரம் வெடித்து, சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதாகும் வரைக்கும் போனது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மாதங்களில் பழைய சகாக்கள் எனக்குச் சொன்னது இதுதான்: "அண்ணை, இப்ப நாங்கள் ஒன்றும் பேசத் தேவையில்லை. பெட்டியை மேசையில் வைத்தால் போதும்." அரசாங்கத்தின் பெயர் கெட்ட ஒவ்வொரு நாளும் பிராண்டுகளுக்குச் செலவில்லாத விளம்பர நாள். அதிகாரசபை ஒரு மருந்தைச் சோதித்துத் தேறியது என்று சொன்னால் அதை நாங்கள் நம்புகிற நிலைமை இருந்திருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு வாசலில் நிற்க வேலையே இருந்திருக்காது.

நம்பிக்கை என்று வந்தால் எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் அல்ல. 2021 இல் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது வெள்ளவத்தையில் "எந்தக் கம்பனி ஊசி?" என்று கேட்காதவர் யார்? ஒரு ரெப்பும் வரவில்லை, ஒரு விளம்பரமும் வரவில்லை. ஜனவரியில் இந்தியாவிலிருந்து கோவிஷீல்ட் வந்தது, பிறகு பெரும்பாலானோருக்கு சைனோபார்ம். ஆனால் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் பைசர் என்று சொன்னதால் இங்கே பைசருக்குக் காத்திருந்த வீடுகள் உண்டு. அதற்கும் முந்திய டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி அதைக் கமராவுக்கு முன் குடித்தார், ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. அந்தப் பாணிக்குப் பின்னால் பெரிய கம்பனி ஒன்றுமில்லை. ஒரு அமைச்சரின் வாயும் ஒரு கமராவும் இருந்தன. பதினைந்து வருடம் மார்க்கெட்டிங் செய்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது.

தனியார் ஆஸ்பத்திரிகளின் விளம்பரம் வேறு ரகம், அதை விரிக்கவில்லை. அன்னையர் தினத்துக்கு முழு உடல் பரிசோதனைப் பக்கேஜ் என்று வருவதைப் பார்த்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தப் பட்டியலில் இருக்கும் எந்தப் பரிசோதனையை என் டொக்டர் கேட்டார்?

பெயர்களால் வரும் ஒரு ஆபத்து மட்டும் உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்தும். என் அத்தை கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். மாதம் ஒரு தரம் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து; அங்கே குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள். பிள்ளைகள் மனம் ஆறாமல் தனியாரிலும் சனல் பண்ணினார்கள். அங்கே எழுதியது நீலப் பெட்டி. அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவருக்கு ஒன்று "உறை மருந்து", மற்றது "நீலப் பெட்டி". இரண்டையும் ஒழுங்காக விழுங்கினார். இரண்டும் சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, சமையலறைப் படியில் இருந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் எழும்பினார். அன்றைக்கு நான் இரண்டு உறையையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். நீலப் பெட்டியில் வணிகப் பெயர் விரல் நீளத்துக்கு, பொதுப்பெயர் எறும்பு அளவுக்கு. பெட்டியில் எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று கூட்டத்தில் இருந்து வாதாடியவன் நான்.

அதனால் வீட்டில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் உறையையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டொக்டரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பொதுப்பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். டொக்டரிடம் "இதன் பொதுப்பெயரையும் எழுதித் தாங்கோ, ஒசுசலவில் எடுத்தால் பரவாயில்லையா?" என்று நேராகக் கேளுங்கள். கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். நான் கண்ட டொக்டர்மாரில் பலர் இப்படி யாராவது கேட்டால் மலிவானதற்குச் சம்மதிப்பவர்கள்தான், யாரும் கேட்பதில்லை. "இதையே எடுங்கள்" என்றால் காரணம் கேளுங்கள். "அதுதான் நல்லது" என்பது காரணம் அல்ல. "இந்த நோயாளிக்கு மாற்றியபோது பிரஷர் ஏறியது" என்பது காரணம்.

மூன்றாவது கேள்வி, உங்களுக்கு முதல் உள்ளே போன ரெப்மார். பல இடங்களில் நோயாளிகள் முடிந்த பிறகுதான் ரெப் என்று ஒழுங்கு இருக்கிறது. வாசலில் நிற்கும் பிள்ளையின் தயவில் இடையில் நுழைந்துவிடுவோம். அடுத்த முறை கதவு திறக்கும்போது எழும்பி, "தம்பி, 10 ஆம் இலக்கம் இருக்கினம், கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லுங்கள். ஒருவரும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டார். நோயாளி முறைப்பாடு ஒன்று நிர்வாகத்துக்குப் போனால் அந்த வாசலில் நிற்கவே விடமாட்டார்கள் என்று ரெப்புக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஒரு தரம் ஒரு அம்மா அப்படிச் சொன்னார். நான் "சொறி அம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு போய், பதினொரு மணிவரைக்கும் வெளியே வாங்கில் இருந்தேன்.